நீ கெடுக்காத பெட்டி

செல்விக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இன்று வெள்ளி. இடையில் நான்கு முறை பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு முறையும் எழுந்துவிட்டேன். எழுந்து ஹாலின் நடுவில் போய் நிற்பேன். ஒரே ஒரு முறை கை தட்டுவேன். காது கொடுத்துக் கேட்பேன். திரும்பி வந்து உட்காருவேன். உன் அம்மா அடுக்களையிலிருந்து, "யாரக் கூப்பிடுறீங்க?" என்று இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை.

நீ கேட்டது சின்னக் கேள்வி. மாப்பிள்ளை பாட்டு செட் வாங்கப் போகிறார். விற்கிறவர், கடைக்கு மேலே இருக்கிற உங்கள் அறையைப் பற்றிக் கேட்டுவிட்டு, சுவரில் ஏதோ பலகை அடித்தால்தான் பாட்டு நன்றாகக் கேட்கும் என்கிறாராம். அது உண்மையா, பலகை விற்கிற தந்திரமா? 'அப்பாவுக்குத்தான் தெரியும், கேட்டு எழுது என்றார்' என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து ஒரு வரி. 'எப்படியும் நான் அதைத் தொடப்போவதில்லை, அவரே போட்டுக்கொள்வார்.' அந்த ஓர வரிதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிக்கொண்டே இருக்கிறது.

அதனால் கடைசியில் எழுத வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நம் செட்டை நீ கெடுக்கவில்லை. அது கெடவே இல்லை. எட்டு வருடமாக அது கெட்டது என்று சொன்னவன் நான். நீ கெடுத்தாய் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவனும் நான்தான். இதை உன் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொண்டேன். தெரிந்தும் சொல்லாமல் உன்னை வண்டி ஏற்றினேன்.

இப்போது உன் கேள்வி. அறை முக்கியமா? ஆம். நான் நினைத்ததைவிட, எந்தக் கடைக்காரரும் சொல்வதைவிட முக்கியம். எப்படித் தெரியும் என்றால், நான் அதைத் தவறாகத் தெரிந்துகொண்ட வரிசையிலேயே சொல்ல வேண்டும். வேறு வரிசையில் சொன்னால் நான் புத்திசாலியாகத் தெரிவேன்.

பல்கலைக்கழகத்தில் நான் தத்துவம் படித்தேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே ஒரு விரிவுரையாளர் வீட்டில்தான் முதல் முறையாக ஒரு நல்ல செட்டைக் கேட்டேன். ஒரு வயலின். வில் கம்பியைத் தொடுவதற்கு முன்னால் வாசிப்பவர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. அன்றிரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெட்டியை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். அந்த அறையில் மூன்று பக்கச் சுவரும் தரையிலிருந்து கூரை வரை புத்தகம். தரையில் தடித்த விரிப்பு. ஜன்னலுக்குக் கனமான திரை. எல்லாவற்றையும் பார்த்தேன். எதையும் கணக்கில் எடுக்கவில்லை. பெட்டிதான் பாடுகிறது என்று நினைத்தேன். அப்பா இறந்த பிறகு தோட்டத்துக்குத் திரும்பி, ஆபீசில் அவருடைய மேசைக்கே கிளாக்கராக வந்து உட்கார்ந்தபோது, என்னோடு கொண்டுவந்த ஒரே ஆசை அந்தப் பெட்டி.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது அது கிடைத்தது. தேயிலையும் ரப்பரும் கலந்த இந்தத் தோட்டத்தில் பதினைந்து வருடம் இருந்த துரை சீமைக்குத் திரும்பிப் போனார். போகும்போது சாமான்களை விற்றார். ரெக்கார்டு சுழற்றும் தட்டு, வால்வு வைத்த ஆம்ப்ளிபையர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. பங்களாவில் வைத்துப் போட்டுக் காட்டினார். அங்கேயும் கம்பளம், சோபா, திரை. அங்கேயும் நான் பெட்டியை மட்டுமே பார்த்தேன். நம் குவாட்டர்ஸ் ஹாலை நீ மறந்திருக்க மாட்டாய். நீளமான ஹால். சிமெந்துத் தரை. எதிரெதிராக இரண்டு வெறும் சுவர், வழுவழுப்பான பூச்சு. மேலே பலகை, அதற்கு மேலே தகரம். கை தட்டினால் சத்தம் இரண்டு சுவருக்கும் நடுவில் பந்து மாதிரி ஓடும். அப்போது நான் கை தட்டிப் பார்க்கவில்லை. யார்தான் தன் வீட்டு ஹாலில் நின்று கை தட்டுவார்கள்?

வார நாட்களில் சத்தத்தைக் குறைத்து, பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக் கேட்பேன். பக்கத்து வீட்டில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் உறங்குவார். சத்தமாகப் போடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். முதல் ஞாயிறே துரையின் பெட்டி பாடுவதைக் கேட்க லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். வீட்டு முன் இஸ்தோப்பில் நின்றார்கள். நல்ல மழை. காற்று மழையை இஸ்தோப்புக்குள் அடித்தது. நான் ரெக்கார்டை மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஹால் நிறைய ஆள். கிளாக்கர் வீட்டு ஹாலுக்குள் லயத்து ஆட்கள் வந்து உட்காருவது அதுவரை நடந்ததில்லை.

"யாரு உள்ள வரச் சொன்னது?" என்றேன்.

"நாந்தாப்பா," என்றாய். "மழையில நனையிறாங்க."

ரப்பர் பால் வெட்டுகிற ராமாயி எழுந்து நின்றாள். "பாப்பா கூப்பிட்டுச்சுங்கையா. நாங்க வெளிய போயிருறோம்."

"அதான் வந்தாச்சே. ஒக்காருங்க," என்றாள் உன் அம்மா, என்னைப் பார்க்காமல்.

உட்கார்ந்தார்கள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார்கள். முப்பது பேர், சில நாள் அதற்கும் மேலே. தலையில் போட்டுவந்த கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தரையில் விரித்து, சுவரோரமாகவும் நடுவிலும் நெருக்கி உட்காருவார்கள். ஈரக் கம்பளி வாடை. ரப்பர் பால் வாடை. ராமாயியின் புருஷன் கருப்பையா எப்போதும் இடது ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்து, "தவுலு இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கான், அவன் அந்தப் பொட்டிக்கு மாறவே மாட்டேங்கிறான்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு எரிச்சல். இவர்கள் இல்லாமல் தனியாக இருந்து கேட்டால் எப்படி இருக்கும்? விரிவுரையாளரின் வயலின் மாதிரி, மூச்சு உட்பட? அந்த வருடங்களில் இந்தச் செட் அத்தனை சுத்தமாகப் பாடியது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். இவர்கள் இருக்கும்போதே இப்படியென்றால் என்று நினைப்பேன். இவர்கள் இருப்பதால்தான் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

பிறகு பாஸ்போர்ட்டுகள் வரத் தொடங்கின. ஒரு மாதம் இரண்டு குடும்பம். அடுத்த மாதம் நான்கு. ஒப்பந்தப்படி, ஒரேயடியாக இந்தியாவுக்கு. ஆபீஸ் பேரேட்டில் போகிறவர்கள் பேரை அடிக்கிற பேனா என் கையில். அரிசி கிடைக்காமல் மாவுக்கு வரிசையில் நின்ற பஞ்ச வருடம் வேறு. போகத் தயங்கியவர்களும் போனார்கள். முப்பது பேர் இருபதானார்கள். பத்தானார்கள். பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. ஊசி தேய்ந்துவிட்டது என்று புது ஊசி வாங்கினேன். ஃபாக்டரிக் கரண்ட் சரியில்லை என்றேன். ஈரப்பதம் என்றேன்.

ராமாயியும் கருப்பையாவும் ஒரு வியாழக்கிழமை போக வேண்டும். புதன்கிழமை மாலை சொல்லிக்கொள்ள வந்தார்கள். "ஐயா, ஒரு பாட்டுப் போடுங்க. கேட்டுட்டுப் போயிருறோம்," என்றான் கருப்பையா. எனக்கு ஆபீஸ் வேலை மிச்சமிருந்தது. "ஞாயித்துக்கெழம பாப்போம்" என்றேன். வாய்க்கு வந்த பதில். அவன் "சரிங்கையா" என்றான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். பேரை அடித்தவன் நான்தானே.

அவர்கள் போன பிறகு, மிச்சம் இருந்த இரண்டு மூன்று பேரிடம் இனி இஸ்தோப்பில் நின்று கேட்டால் போதும் என்றேன். ஹாலைக் காலி செய்தேன். பழைய பாய்களை வெளியே எடுத்துப் போட்டேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். சனிக்கிழமை உன்னிடம் துணி கொடுத்து, "செட்டத் தொடச்சு வையி" என்றேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு, சுத்தமான வெள்ளை ஹாலில், ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, நாதஸ்வர ரெக்கார்டைச் சத்தமாகப் போட்டேன். எத்தனை வருடமாகக் காத்திருந்த காலை அது.

தகர பீப்பாய்க்குள் யாரோ ஊதுகிற மாதிரி இருந்தது. தவுல் ஒரு அடி அடித்தால் அது அடுத்த அடியின் மேல் போய் விழுந்தது. கீழ்ச் சத்தம் மூலையில் உறுமியது. மேல் சத்தம் காதைக் கீறியது. ஐந்து நிமிடம்கூட இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை நீ செட்டைத் துடைத்தாய். ஞாயிற்றுக்கிழமை செட் கெட்டிருந்தது. செல்வி, ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். நல்ல புள்ளியும் கொடுத்தார்கள்.

"தொடைக்கயில என்ன செஞ்ச?"

"ஒண்ணுஞ் செய்யலப்பா. தொடச்சேன்."

"தொடச்சா இப்பிடி ஆகுமா?"

"தெரியலப்பா."

மறுநாள் மாலையும் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. அதை நல்ல குணம் என்று வேறு நினைத்திருந்தேன். உன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, நான் எதிரே நின்று, திரும்பத் திரும்ப ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்டேன். உனக்குப் பதினொரு வயது. மூன்றாவது நாள் சொன்னாய்.

"நாந்தாப்பா. எடது பொட்டி முன்னால உள்ள துணிக்குள்ள வெரல விட்டேன். உள்ள என்னமோ பிஞ்சிச்சு."

"எந்த வெரலு?"

நீ இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு வலது கைச் சுட்டு விரலை நீட்டினாய். உண்மையாகச் செய்தவள் விரலைத் தேட மாட்டாள். நீ தேடினாய். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது சந்தேகமல்ல, நிம்மதி. காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி.

அடுத்த வாரம் ஃபாக்டரியின் தச்சு வேலையும் கரண்ட் வேலையும் பார்க்கிற சிங்களத் தச்சர் பாஸைக் கூப்பிட்டேன். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். அவர் செட்டைப் போட்டுக் கேட்டார். நிறுத்தினார். ஹாலின் நடுவில் போய் நின்று கை தட்டினார். மேலே பார்த்தார். "மேக்கே லெடக் நே மாத்தயா," என்றார். இதில் ஒரு நோயும் இல்லை. பிறகு தமிழில், "இந்த ஹால்தான் சத்தம் போடுது. ஆளு இல்ல, சாமான் இல்ல. சினிமாவுல ஆளு கொறஞ்ச ஷோவுக்குப் போய்ப் பாருங்க, இப்பிடித்தான் இருக்கும்." முன்னே ஒரு சினிமா தியேட்டரில் வேலை செய்தவர் அவர். நான் சிரித்தேன். "இல்ல பாஸ், மக ஒத்துக்கிட்டா," என்றேன்.  அவர் சாமான் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தச்சனுக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

அன்றிலிருந்து எட்டு வருடம். 'செட் நல்ல செட்டுதான், எங்க செல்வி கை பட்டது.' வருகிறவர்களெல்லாம் சிரித்தார்கள். தீபாவளிக்கு வந்தவர்கள், ஃபாக்டரிக்கு வந்த புது டீமேக்கர், உன் மாமா. முதலில் நீ உள்ளே போய்விடுவாய். பிறகு உள்ளே போகாமல் நின்றாய். பிறகு நான் சொல்வதற்கு முன்னால் நீயே சொல்லத் தொடங்கினாய். அப்போது உனக்கு அது பழகிவிட்டது, நகைச்சுவையாக எடுத்துக்கொண்டுவிட்டாய் என்று நினைத்தேன். அம்மாவின் தையல் மெஷினை நீ தொடுவதில்லை. ரேடியோவைத் திருப்ப அம்மாவைக் கூப்பிடுவாய். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தராசை நீ தொடவில்லை, பக்கத்துப் பிள்ளை எடுத்த அளவை எழுதிக்கொண்டாய் என்று டீச்சர் சொன்னபோது, 'பயந்த சுபாவம்' என்றேன்.

உனக்குப் பரிசம் போட்ட நாள். மாப்பிள்ளை ஊரான எஹலியகொடையிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆள். ஹாலில் பாய் விரித்து நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன் மாமியார் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம கடையில ரெண்டு தையல் மெஷின் இருக்கு, ஓட்டுவியாம்மா?" என்று கேட்டார். "ஐயோ அத்த, நா கைய வச்சா எதுவும் வெளங்காது," என்றாய் நீ. எல்லோரும் சிரித்தார்கள். வெற்றிலைத் தட்டோடு நின்ற நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், மங்கல சத்தம் வேண்டும் என்று உன் மாமா அந்த நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டார்.

வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தேன். பாட்டு சுத்தமாக இருந்தது. தவுலின் ஒவ்வொரு அடியும் தனியாக விழுந்து, தனியாக முடிந்தது. கருப்பையா சொன்ன அதே இடது பெட்டியில். எட்டு வருடமாகச் செத்துக் கிடந்த செட். உன்னைப் பார்த்தேன். நீ மாமியாரோடு பேசிக்கொண்டிருந்தாய், கவனிக்கவில்லை. மறுநாள் எல்லோரும் போன பிறகு அதே ரெக்கார்டைப் போட்டேன். பீப்பாய். நடுவில் போய் நின்றேன். பாஸ் நின்ற அதே இடம். கை தட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரத்தை நீ பார்த்தாய், ஏன் என்று உனக்குத் தெரியாது. கல்யாண வேலையை விட்டுவிட்டு அப்பா சுவரில் என்னத்தையோ தொங்கவிடுகிறார் என்று நினைத்திருப்பாய். முதலில் நான் செய்தது, ரப்பர்த் தோட்டத்தில் இருக்கிறவன் மட்டுமே செய்கிற முட்டாள்தனம். மெத்தென்று இருப்பது எதுவோ அது சத்தத்தைக் குடிக்கும் என்று நானே முடிவுசெய்து, ஃபாக்டரியிலிருந்து கிரேப் ரப்பர் ஷீட்டுகளைக் கேட்டு வாங்கிச் சுவர் முழுவதும் தொங்கவிட்டேன். வீடு நாறியது. சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஷீட்டைச் சுமந்து வந்த பாஸ் வாசலில் நின்று பார்த்தார். "மம எதா கிவ்வனே மாத்தயா," என்றார். அன்றைக்கே சொன்னேனே. சிரிக்காமல் சொன்னார். பிறகு சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஷீட்டுகளைக் கழற்ற உதவினார். "காத்து உள்ள போற சாமானா இருக்கணும். இதுல எங்க போகும்?" என்றார்.

அடுத்து சாக்கு. ஸ்டோரிலிருந்த படங்கெல்லாம் கொண்டுவந்து நாலு சுவரிலும் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். அது மேல் சத்தத்தை மட்டும் தின்றது. மூலையில் உறுமல் அப்படியே இருந்தது. உன் அம்மா ஹாலுக்கு வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டு நின்றுவிட்டாள். "இந்தாங்க, இதுக்குள்ள பேசுனா எம் பேச்சு வாயோட நிக்குது. கல்யாண வீடா இது? கழட்டுங்க." கழற்றினேன், பாதியை. பிறகு மூலைகளில் இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சுருட்டி நிறுத்தினேன். பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்தேன். ஒரு பக்கச் சுவரில் மட்டும் மூன்று கம்பளி, சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. தரையில் பாய். மாலை ஐந்து மணி இருக்கும், மழை விட்டிருந்தது. போட்டேன். பாடியது. நாற்பது பேர் உட்கார்ந்தபோது பாடிய அளவுக்கு இல்லை. ஆனால் பாடியது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் பாட்டை நிறுத்தினேன். திருகு முடுக்கியை எடுத்துக்கொண்டு இடது பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். நீ விரல் விட்டதாகச் சொன்ன பெட்டி. அதை எட்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் திறந்து பார்த்ததில்லை. முன்பக்கச் சட்டத்தை நான்கு திருகாணிகள் பிடித்திருந்தன. திருகாணித் தலையின் மேல் சீமையில் பூசிய பழுப்புப் பெயின்ட். அது விரிசல்கூட விடவில்லை. கழற்றினேன். துணி. துணிக்குப் பின்னால் நெருக்கமான கம்பி வலை. செல்வி, அந்த வலைக்குள் உன் விரல் போகாது. ஒரு ஈர்க்குப் போகும், விரல் போகாது. அதற்கும் பின்னால் கறுப்புக் காகிதக் கூம்பு, முதல் நாள் போல் முழுசாக. நீ செய்ததாகச் சொன்னதைச் செய்யவே முடியாது. நான்கு திருகாணி. பத்து நிமிட வேலை. நான் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

உள்ளே நீயும் அம்மாவும் சேலை மடித்துக்கொண்டிருந்தீர்கள். எழுந்து வந்து சொல்லியிருக்கலாம். சட்டத்தைத் திரும்பப் பூட்டிவிட்டு, கை கழுவிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தேன். நீதான் பரிமாறினாய். "என்னப்பா, செட்டு சரியாயிருச்சா?" என்றாய். "பரவால்ல" என்றேன். கல்யாணத்தன்று வண்டி ஜன்னலில் சாய்ந்து நின்றேன். சொல்லத்தான் வந்தேன். "போய்ட்டுக் கடிதம் போடு" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று இந்த நான்கு நாளாக யோசிக்கிறேன். ஒரு காரணம் வெட்கம். இன்னொன்று, எனக்கு ஒரு விஷயம் தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளப் பயம். விரல் விட்டதாகச் சொன்னது பொய் என்று உனக்கு அன்றே தெரியும். அப்படியானால் இத்தனை வருடம் நீ எதை நம்பினாய்? அப்பா சொல்கிறார், செட் கெட்டுத்தான் இருக்கிறது, துடைத்தது நான்தான், அப்படியானால் எப்படியோ என் கையால்தான் என்றா? அல்லது, அப்பாவுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கொடுத்தேன் என்றா? முதலாவது என்றால் உன் கையை உனக்கே எதிரியாக்கினேன். இரண்டாவது என்றால் பதினொரு வயதிலேயே என்னைச் சரியாக அளந்துவிட்டாய். எதுவாக இருந்தாலும் எழுது. எழுத விருப்பமில்லை என்றால் எழுதாதே. நான் கேட்டுக் கேட்டு ஒருமுறை வாங்கிய பதில் போதும்.

மாப்பிள்ளைக்குச் சொல். பலகை வாங்க வேண்டாம். முதலில் அறையை வெறுமையாக்கி நடுவில் நின்று கை தட்டிப் பாருங்கள். சத்தம் உடனே முடிந்தால் நல்லது. டிர்ரென்று இழுத்தால் எதிரெதிர்ச் சுவரில் ஒன்றுக்குத் துணி வேண்டும். உங்கள் வீட்டில் துணிக்கா பஞ்சம்? கல்யாணத்துக்கு மறுவாரம் வந்தபோது உன் மாமனாரின் ஜவுளிக் கடையில் நின்று நான் கை தட்டினேன், நினைவிருக்கிறதா? கடைப் பையன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், "யாருக்குங்க சம்பந்தி, எனக்கா?" என்றார் மாமனார். அலமாரி நிறையத் துணி உருளை. தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றது. நான் கேட்ட அறைகளில் அதற்கு இணை அந்த விரிவுரையாளர் வீடுதான். கனத்த துணியாகப் பார்த்து எடுங்கள், மடிப்பு விழத் தொங்கவிடுங்கள், சுவரில் ஒட்ட வேண்டாம். மூலைக்கு மெத்தை. பெட்டியை மூலைக்குத் தள்ள வேண்டாம். நாலு சுவரையும் மூட வேண்டாம், அம்மா சொன்னது போல் பேச்சு வாயோடு நிற்கும். இதற்கெல்லாம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். எவ்வளவு துணி வேண்டும் என்று அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். அந்த வேலை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம் ஹாலை ஒருமுறை சரியாக்கியது நீதான், ஆறு வயதில், மழையில் நனைந்து நின்றவர்களை உள்ளே கூப்பிட்டு. நான் வருடக்கணக்கில் அதைக் கெடுத்தேன்.

புது செட்டும் வேண்டாம். அடுத்த புதன்கிழமை தோட்டத்து ரப்பர் லொறி கொழும்புக்குப் போகிறது, எஹலியகொடையைத் தாண்டித்தான் போக வேண்டும். நம் செட்டை அதில் ஏற்றுகிறேன். பாஸ் கூடவே வருகிறார், அவரே கேட்டார். மேலே தூக்கி வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். அவருக்கு நீ எதையும் விளக்க வேண்டாம். அவருக்கு எப்போதோ தெரியும்.

இடது பெட்டியின் முன்சட்டம் கழன்றிருக்கும். வழியில் கழன்றது என்று நினைக்காதே. நான்தான் பூட்டாமல், வலையையும் எடுத்துத் தனியாகக் கட்டி அனுப்புகிறேன். மாப்பிள்ளை பூட்ட வருவார். விடாதே. நான்கு திருகாணிகளும் இந்த உறைக்குள், காகிதத்தில் சுற்றி இருக்கின்றன, பிரிக்கும்போது கொட்டிவிடாமல் பார். கூம்பு கறுப்பாகத் தெரியும். வலது கைச் சுட்டு விரலால் அதைத் தொடு. மெதுவாகத் தொட்டால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் உள்ளே போகும், விட்டதும் திரும்பி வரும். வேண்டிய மட்டும் தொட்டுப் பார். அப்புறம் நீயே பூட்டு.

அப்பா